விளக்கு நேரத்து இல்லை

ஆடி 12, செவ்வாய்

பேத்தி வள்ளிக்கு ஐந்து வயது. பேச்சு தாமதம். காரைக்குடி டீச்சர் மூன்று மாதமாகக் கரண்டியைக் காட்டி, "இது பந்தா?" என்று கேட்டுக் கேட்டு "இல்லை" சொல்லப் பழக்கினார். அந்த மாதங்களில்தான் நானும் இந்த வயதில் எழுதக் கற்றேன். இருவரும் ஒன்றாய்த் தேறுகிறோம் என்று பூரித்துப் போயிருந்தேன்.

ஆனால் விளக்கு வைத்த நேரத்தில் அவள் "இல்லை" என்றால், ஆகாது என்று அதட்டினேன். அரிசி தீர்ந்தால்கூட நிறைஞ்சிருக்கு என்று சொல்கிற வீடு. பயந்துபோய் அந்தச் சொல்லையே விட்டுவிட்டாள்.

இன்று காலையிலிருந்து சுருண்டு படுத்து அழுதாள். டாக்டர் வயிற்றில் அங்கங்கே அழுத்தி, "இங்க வலிக்குதா பாப்பா?" என்றார். எல்லாவற்றுக்கும் "ஆமா". காதைத் தொட்டார். அதற்கும் "ஆமா".

"இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. உடனே மதுரைக்குக் கொண்டு போங்க" என்றார்.

மருமகள் என்னைப் பார்த்தாள். "நல்லாத்தானே சொல்லிக்கிட்டு இருந்தா மாமா. நீங்கதானே அவ வாய அடச்சீக."

மதுரைக்குப் போனவர்களிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.

காரில் ஏற்றும்போது, "சீக்கிரம் வீட்டுக்கு வந்துருவியா தாயி?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள்.