விதவைகள் வரிசையில் நின்றேன்

அன்பு மகள் நெரெய்தாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் ஆண்டவர் தயவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தையல் ஆலையில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்காதே, கண் போய்விடும்.

உன் அப்பா சொரூபம் கும்பிடாத அந்தப் புதுச் சபையில் சேர்ந்ததிலிருந்து ஊர்வேலைக்குப் போவதில்லை என்று சொன்னேன் அல்லவா, இப்போது விஷயம் முற்றிவிட்டது. ஊர்வேலை சான் இசிட்ரோ கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றித்தானே தொடங்கும், அதனால் மண்வெட்டி பிடிப்பதே சொரூபத்துக்குச் செய்கிற சேவை என்று இவர் முடிவு கட்டிவிட்டார். கேட்டால், விசுவாசந்தான்டி ரட்சிக்கும், கால்வாய் வெட்டினா மோட்சமா கிடைக்கும் என்கிறார். மோட்சம் கிடைக்காது, தண்ணீர் கிடைக்கும் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஓர் ஆம்பிளை வர வேண்டும், மூன்று முறை வராத வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயை அறுப்பது ஊர்வழக்கம், இரண்டு முறை போகவில்லை, போன ஞாயிறு மூன்றாவது. மழையில் ஊற்றுக் கால்வாய் மண்மூடிக் கிடந்தது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, இவருடைய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

ஆம்பிளை இல்லாத வீட்டிலிருந்துதானே பொம்பிளை வருவாள், ஊர்வேலைக் கணக்கு எழுதுகிற உன் ஞானத்தகப்பன் பிதென்சியோ பேர் வாசிக்கும்போது என்னை விதவைகள் வரிசையில் நிறுத்திவிட்டார். உன் அப்பா பேரைச் சொல்லி, அபுந்தியோ செத்தா சொல்லியிருக்கக் கூடாதா, கருமாதிச் சாப்பாடு போச்சே என்று ஒருத்தன் கத்த, ஊரே சிரித்தது. போதாததற்கு, உசிரோட இருக்கிற புருஷனுக்குப் பதிலா நீ வந்தா செல்லாதும்மா, வேணும்னா சும்மா வெட்டிட்டுப் போ என்றார் பிதென்சியோ. எனக்கு அழுகையும் ஆத்திரமும். வந்ததற்கு வெட்டினேன். பக்கத்தில் நம் தெக்லா அக்கா, ஆள் துணையில்லாத விதவை, எழுபது வயசு, இடுப்பளவு சேற்றில் நின்று ஒவ்வொரு வெட்டுக்கும் மூச்சு வாங்கினாள்.

மத்தியானம் உன் அப்பா எனக்குச் சாப்பிடத் தொர்த்தியா ரொட்டியும் வேகவைத்த அவரைக்கொட்டையும் எடுத்து வந்தார். என்னைத் திட்டத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் தெக்லாவையே பார்த்தார், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, நீங்க வீட்டுக்குப் போங்கக்கா என்று அவள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். வேலை முடிகிற வரை தலை நிமிரவில்லை. முடிந்ததும் பிதென்சியோ ஓடி வந்து, அபுந்தியோ, உன் பேரைப் போட்டுடறேன், தண்ணிப் பிரச்சினை இத்தோட தீந்துது என்றார். இந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா, வேணாம், தெக்லா பேரைப் போடு, என் பேரைப் போட்டா தண்ணிக்காக வெட்டின மாதிரி ஆயிடும் என்றார். எனக்கு வந்ததே கோபம், தண்ணிக்காக வெட்டினா என்ன, சாமி கோவிச்சுக்குமா என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். சிரித்துவிட்டு நடந்தார்.

குழாயை அறுப்பதா வேண்டாமா என்று சனிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவு சொல்வார்கள். குடம், சட்டி, நீ குளித்த பழைய தொட்டி வரை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன், ஆனாலும் ஒரு வேலையும் ஓடவில்லை. குழாயை நினைத்துத்தான் என்று முதலில் நினைத்தேன். இல்லை மகளே, தண்ணிக்காக வெட்டின மாதிரி ஆயிடும் என்று உன் அப்பா சொன்னதுதான் குடைகிறது. முப்பது வருஷமாகச் சான் இசிட்ரோவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், மழை கேட்டு, நீ பிழைக்கக் கேட்டு, உன் அப்பா குடியை விடக் கேட்டு. ஒன்றும் கேட்காமல் ஏற்றியது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. நேற்றும் கோயிலுக்குப் போனேன், கேட்காமல் ஏற்றிவிட்டு வரலாம் என்று. ஏற்றினேன். கைகூப்பிய உடனே, குழாயை அறுக்காமல் பார்த்துக்கொள் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக இருக்கக் கன்னித்தாய் காக்கட்டும். சனிக்கிழமை போன் செய், அப்பாவிடமும் பேசு, திட்டாதே, திட்ட நான் இருக்கிறேன்.

உன் அம்மா,
எப்ரோசினா