முனியாண்டிக்கு வைத்த இளநீர்

அக்கா,

நேற்று மகன் காரில் நம் பழைய தோட்டத்துப் பக்கம் போயிருந்தோம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எங்கு பார்த்தாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. முனியாண்டி மட்டும் அதே மரத்தடியில் சூலத்தோடு நிற்கிறார். யாரோ அப்போதுதான் பூசை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பாதி எரிந்த சுருட்டு, திறந்து வைத்த சம்சுச் சாராயப் போத்தல். காரைவிட்டு இறங்கும்போதே வாடை மூக்கில் ஏறியது. ஒரு காலத்தில் அந்த வாடைக்காக எதையும் விற்றிருப்பேன். இப்போது அது உன் முகத்தைத்தான் கொண்டுவருகிறது.

மச்சானைச் சம்சு கொண்டுபோன பிறகுதான் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரரைப் பறிகொடுத்த உனக்குத் தம்பியும் அதே வழியில் போவதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று அன்று நான் யோசித்ததில்லை. ஈப்போ பட்டறை வேலை போனது. காப்பிக் கடைக்குப் பின்னால், சந்தில் படுத்துக் கிடந்தேன். எழுபதுகளின் கடைசி அது. நீ ஒரு நாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய சேலையோடு வந்து நின்றாய்.

"அடிக்கத் தெம்பு இல்லடா. அழவும் தெம்பு இல்ல. எந்திரி, பஸ்சுக்கு நேரமாச்சு."

நீ கொண்டுபோய்ச் சேர்த்த குடிமறதி இல்லம் தாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது, ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பங்களா. போதைப் பவுடரில் விழுந்தவர்களும் சம்சுவில் விழுந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் ஒன்றரை வருடம் இருக்க வேண்டும். முதல் வாரங்களில் நடுக்கம், வாந்தி, சுவரில் பூச்சி ஊர்வதுபோலத் தோற்றம். பிறகு காய்கறித் தோட்டம், கோழிக் கூண்டு, சமையல் முறை. அந்த இல்லத்தை நடத்தியவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான். "கொணமாயிட்டேன்னு யாரும் சொல்லாதீங்க. இன்னைக்குக் குடிக்கலன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு மூடி உள்ள போனா மறுபடியும் முதல்லேருந்துதான்" என்பார்.

முதல் மூன்று மாதம் யாரையும் பார்க்க விடமாட்டார்கள். அது தெரிந்தும் நீ வந்தாய். வெளிக்கதவுக்கு எதிரே ரம்புத்தான் மரத்தடியில் கடைசி பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தாய். நான் சன்னலிலிருந்து பார்த்தேன். பின்னொரு நாள், அங்கே உட்கார்ந்து என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"ஒன்னும் செய்யல. நீ உள்ள இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஒன்றரை வருடம் முடிந்து என்னை வீட்டுக்கு அழைத்து வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, முனியாண்டிக்கு வேண்டுதல். தம்பி திருந்தி வந்தால் சேவல், சுருட்டு, சம்சு என்று நேர்ந்திருந்தாய். மச்சான் போன நாளிலிருந்து வீட்டுக்குள் போத்தலையே விடாதவள், நீயே கடைக்குப் போய் ஒரு போத்தல் வாங்கி வந்தாய். உனக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. சாமி முன்னால் வைத்துவிட்டால் அது சம்சு இல்லை, பிரசாதம். நோய் தீர்ந்தவனுக்குப் பிரசாதம் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

லயமே கூடியிருந்தது. பூசாரி அலுமினிய டம்ளரில் ஊற்றி என் கையில் வைத்தார். "மொத வாய் ஒனக்குத்தான்லா, தம்பி. சாமி குடுக்குது, வாங்கிக்க."

மறுத்தால் சாமியை மறுத்ததாகும், உன் வேண்டுதலையும் மறுத்ததாகும். வாங்கினால், ஒன்றரை வருடமும் போச்சு. இல்லத்துக்காரர் சொன்ன அந்த ஒரு மூடி ஞாபகம் வந்தது. கை நடுங்கியது. சாமிக்குப் பயந்து நடுங்குகிறேன் என்று கூட்டம் நினைத்திருக்கும். ஆசையில் நடுங்கினேன், அக்கா. வாயில் எச்சில் ஊறிவிட்டது. டம்ளர் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாய். மச்சானின் கையை எத்தனை காலையில் அப்படிப் பார்த்திருப்பாய்.

"இங்க குடு" என்றாய். பிடுங்கி, கண்ணை மூடி, ஒரே மடக்கில் குடித்தாய். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டறியாதவள். இருமி இருமி முந்தானையால் வாயைத் துடைத்தாய்.

பூசாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது? அவனுக்குக் குடுத்தது."

"வேண்டிக்கிட்டது நான். பிரசாதமும் எனக்குத்தான்." பிறகு சாமி பக்கம் திரும்பினாய். கால் அதற்குள் தள்ளாடத் தொடங்கியிருந்தது. "சாமி, அவன் விட்டுட்டான். நீயும் விட்டுரு. அடுத்த வருசத்துலேருந்து எளநிதான்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானம் முழுக்க நீ வாந்தி எடுத்தாய். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாய்: "இதுக்காடா ரெண்டு பேரும் அப்படி அலைஞ்சீங்க? வாயெல்லாம் எரியுது."

இல்லத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். ஒன்றுக்கும் அழாதவன், அந்தக் கேள்விக்கு உன் காலடியில் உட்கார்ந்து அழுதேன். உனக்கு மறுபடியும் குமட்டிக்கொண்டு வந்ததால் அதற்கும் ரொம்ப நேரம் கிடைக்கவில்லை.

சொன்னபடி நீ இருந்தவரை வருடா வருடம் இளநீர்தான் வைத்தாய். பூசாரி முணுமுணுத்துப் பார்த்தார், பிறகு அவரே காய் சீவிக் கொடுக்க ஆரம்பித்தார்.

நேற்றும் இளநீர் கொண்டுபோயிருந்தேன். யாரோ வைத்த போத்தலைத் தொடவில்லை, அது அவர்கள் வேண்டுதல். அந்த அலுமினிய டம்ளர் என்னிடம்தான் இருக்கிறது, விளிம்பு நசுங்கிவிட்டது. அதில் ஊற்றிச் சாமிக்குக் காட்டிவிட்டு, உன்னை நினைத்துக்கொண்டு குடித்தேன். கை இப்போதும் லேசாக நடுங்குகிறது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னைக்குக் குடிக்கல, அக்கா.

உன் தம்பி