ஸ்பீக்கர் மேல் பழி

அன்பு மகன் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், பாதிதான் நிஜம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் எப்போதும் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது, நீ கூப்பிட்டாலும் என் பக்கத்தை விட்டு நகரமாட்டார், அவருக்குத் தெரியாமல் சொல்ல எனக்கு வேறு வழி இல்லை.

போன லீவில் கூடத்தில் மாட்டிவிட்டுப் போனாயே இரண்டு ஸ்பீக்கர், அதில் ஒன்று போன வாரம் கிழிந்துபோனது. நீ அனுப்பும் வாய்ஸ் மெசேஜை எல்லாம் அப்பா அதில் போட்டுத்தான் கேட்பார். நீயோ பக்கத்து அறைக்காரனுக்குக் கேட்டுவிடுமோ என்று கிசுகிசுவென்று பேசி அனுப்புகிறாய். அன்றைக்கும் கேட்கவில்லை கேட்கவில்லை என்று வால்யூமை முழுக்கத் திருகி வைத்துக் கேட்டார், உன் பேச்சு முடிந்தது, குறைக்க மறந்து ஒரு பாட்டைப் போட்டார் பார், வீடே அதிர்ந்து மாடி வீட்டுக்காரி ஈரக் கையோடு ஓடி வந்தாள், ஜன்னல் பக்கத்துப் பெட்டி கரகரவென்று இழுத்து அடங்கிவிட்டது. நான் சமையலறையிலிருந்து கத்திய கத்தல் எதுவும் அவருக்கு எட்டவில்லை.

ரிப்பேர்காரர் வந்து முன்பக்கத்து வலையைக் கழற்றிக் காட்டினார், உள்ளே காகிதக் கூம்பு ஓரமாகப் பிய்ந்திருந்தது. பாதிக்கு மேல திருப்பாதீங்க, பாஸை, அந்த டம்டம் சத்தத்தை, ரொம்ப ஏத்தாதீங்க, சத்தம் பிசிறடிச்சா உடனே குறைங்க, ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு போடறதுக்கு முன்னாடி குறைச்சு வச்சிட்டுப் போடுங்க என்று பொறுமையாகச் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ரிப்பேர்காரர் புதுக் கூம்பு மாட்டி உன் மெசேஜையே போட்டுக் காட்டினார், எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பா மட்டும், இன்னும் சரியாகலையே, பெட்டியே மட்டம், பையனை ஏமாத்திட்டாங்க என்று அடம்பிடித்தார். ரிப்பேர்காரர் வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மெதுவாக, அம்மா, பெட்டி நல்லாத்தான் இருக்கு, அய்யா காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க என்றார்.

இழுத்துக்கொண்டு போனேன். முப்பது வருஷம் அச்சு மெஷின் பக்கத்திலேயே நின்ற மனிதர், காதில் ஒரு பஞ்சுகூட வைத்ததில்லை. இடது காது போய்விட்டது, வலதில் கொஞ்சம் மிச்சம், அதுவும் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்றார் டாக்டர். காதுக்கு மெஷின் வைத்தால் சத்தம் கேட்குமாம், பேச்சு புரியாதாம். வெளியே வந்து அப்பா சொன்னது ஒன்றுதான், அவன்கிட்ட சொல்லாதே, பயந்துடுவான் என்று. எனக்குத்தான் மனசு ஆறவில்லையடா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல மாதமாகவே நீ பேசி முடித்ததும் என்ன சொன்னான் என்று என்னைக் கேட்பார், ஏதோ எனக்குப் பரீட்சை வைப்பவர் மாதிரி. நானும் சொல்வேன். ஆனால் நீ சொன்னதோடு நிறுத்துவதில்லை. வேலை, மழை, டிராஃபிக் என்று நீ பேசி முடித்துவிடுகிறாய், அவரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அப்பா நடக்கப் போறாரா, மாத்திரை போடறாரான்னு கேட்டான் என்று நானாகச் சேர்த்துவிடுவேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டாக்டரிடமிருந்து வந்த அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தார், பார்க்கப் பொறுக்காமல், அடுத்த மாசம் வரேன்னு சொல்லியிருக்கான் என்று வாயை விட்டுவிட்டேன். உன் கட்டிலை வெயிலில் போட்டு எடுத்துவிட்டார். எந்தத் தேதி என்று தினமும் கேட்கிறார்.

எங்கே இருந்தாலும் நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எங்களுக்கு என்ன வேண்டும். மெசேஜ் அனுப்பும்போது இனிமேல் வாயைத் திறந்து பேசு. வந்தால் அவருக்கு வலது பக்கமாக உட்கார். நான் உன் பேரில் விசாரித்ததை எல்லாம் ஒரு தடவை உன் வாயால் விசாரித்துவிடு, அவர் காதுக்கு எட்டுகிறபோதே.

இப்படிக்கு,
உனக்காகப் பொய் சொல்லி அலுத்துப்போன
அம்மா