வாய்விட்டுக் கும்பிட்டது

ஏங்க, இதைப் படிச்சுட்டு நீங்க சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன். உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? எனக்கு ஆண்டவன் புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல. இங்க ஆஸ்பத்திரி லாண்டரியில நாள் பூரா நின்னு இஸ்திரி போடுறதுல காலு மட்டும் கொஞ்சம் வீங்குது.

என்கூட ரூம்ல இருக்கிற நர்ஸுப் பொண்ணு, நைட் டூட்டி முடிச்சு வந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவாமப் படுத்துருவா. நானும் நம்ம வீட்டுல மாதிரியே வாய்விட்டு, "சாமி, இந்தப் புள்ளைக்கு நல்ல புத்தி குடு"ன்னு தினமும் கும்பிடுவேன். நேத்து போர்வைக்குள்ள இருந்து குரல் வருது. "அக்கா, என்கிட்டயே சொல்லியிருக்கலாமே? பாவம், சாமியை எதுக்குப் பாத்திரம் வெளக்கக் கூப்புடுறீங்க?"

எனக்கு உசிரே போயிருச்சுங்க. பக்தின்னு நான் நெனச்சது குத்திக்காட்டுறதா இருந்திருக்கு. சாமிக்குக் கேக்கவா சத்தமாச் சொன்னேன்? அவ காதுல விழத்தானே! ஒரே ரூம், எங்க ஓடி ஒளியறது? சாயந்திரம் காபி போட்டுக் குடுத்து மன்னிப்புக் கேட்டேன். இப்ப வாயை மூடித்தான் கும்பிடுறேன். இந்த வயசுல புதுசாப் பழகுறேனா, உதடு அது பாட்டுக்கு அசையுது.

காலுக்குத் தைலம் அனுப்புங்க. பேரன் பேசுறதைப் போன்ல பதிஞ்சு அனுப்புங்க, எதுவா இருந்தாலும் சரி. மருமகதான் "நல்லா இருக்கேன் அத்தே"ன்னு சொல்லிட்டு உடனே வச்சுடுறா. என்ன கோவம்னு கேட்டு எழுதுங்க. வேலைக்கு வண்டி வந்துருச்சு, முடிச்சுக்கிறேன்.

ஐயோ, அவகிட்ட ஒண்ணும் கேக்க வேணாங்க. இப்பத்தான் ஞாபகம் வருது. நம்ம வீட்டுல சாமி படம் மாட்டியிருக்கிற பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் அவ ரூம்.