கித்தார்க் குதிரைக்கு அடியில் இருந்த சீட்டு

என் அன்பு அத்தானுக்கு,

நேற்று உங்கள் கித்தாரை உறையிலிருந்து எடுத்தேன். எடுத்த பிறகு உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த ஈஸ்டர் ஆராதனையில் உங்கள் மகள் மேரி வாசிக்கப்போகிறாள். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து கித்தாரை என் பஞ்சுக் கிட்டங்கியில் வைத்தாள். "முன்ன நீதான சரி பண்ணுன, நீயே பாரு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஞாபகம் இருக்கிறதா? ஐப்பசி மழையில் வந்து, வாதம் பிடித்த விரல்களைக் காட்டினீர்கள். "கம்பி எம்புட்டு ஒசரத்துல நிக்கிது பாரு மாப்ளே. அமுக்க ஏலல. கழுத்தத் தொட்டுராத, குதிரைய மட்டும் செத்த எறக்கு." கம்பிகளைத் தாங்கும் அந்தக் கட்டையின் அடியை அரத்தால் ஓர் அரிசி கனம் ராவினேன். "இப்பம் ஒம் பஞ்சு மாதிரி அமுங்குது" என்று சிரித்தீர்கள்.

ஈரப் பஞ்சு கனக்கும் என்று மூட்டைக்கு மூட்டை கைவிட்டுப் பார்க்கிறவன் நான். மரமும் ஈரம் குடித்து உப்பும் என்பது புத்தியில் ஏறவில்லை. பங்குனி வெயிலில் பலகை வற்றி இறங்கியது. கம்பியும் கூடவே இறங்கிக் கழுத்தில் உரசியது. ஈஸ்டர் அன்று சபையே எழுந்து நிற்க, கித்தார் வண்டாக இரைந்தது.

"கித்தாருக்குச் சளி பிடிச்சிருக்கு வே" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

வெளியே வந்ததும் எல்லோரும் கேட்க நான் முந்திக்கொண்டேன். "கம்பி மட்டம் அத்தான். வித்தவன் ஏமாத்திட்டான்."

"இருக்கும் மாப்ளே" என்றீர்கள். அதோடு சபையில் வாசிப்பதை விட்டீர்கள். அடுத்த ஈஸ்டருக்கு நீங்களே இல்லை.

நேற்று கம்பியைத் தளர்த்திக் குதிரையைத் தூக்கினேன். அடியில் இரண்டு பக்கமும் மடித்த அட்டை. ஆலைக்குக் காட்ட அனுப்பும் மாதிரிப் பஞ்சுப் பொட்டலத்தில் நான் கட்டிவிடும் சீட்டு; என் பெயர் பாதி தெரிந்தது. சரியாக ஓர் அரிசி கனம். அதே பழைய கம்பிகள். தளர்த்தும் முன் மீட்டியபோது ஒவ்வொன்றும் சுத்தமாகப் பேசியது.

அப்படியானால் குறை நான் ராவியதில்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது; நீங்களே அட்டை வைத்துச் சரிசெய்திருக்கிறீர்கள். பிறகு ஏன் வாசிக்கவில்லை? அதே கம்பி நன்றாகப் பேசினால் என் பொய் சபையில் வெளிப்பட்டுவிடும் என்றா? இல்லை, விரல்தான் ஏலாமல் போனதா? யாரிடம் கேட்பேன்?

சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துக் கம்பியை முறுக்கிவிட்டேன். மேரி வாசிக்க எழும் முன் நான் எழுந்து நிற்பேன் அத்தான். கம்பியில் குற்றமில்லை, ராவினது நான்தான் என்று, அக்கா கேட்க, அன்று சிரித்தவர்களும் கேட்கச் சொல்வேன்.

இராஜபாளையத்திலிருந்து,
நீங்கள் காட்டிக்கொடுக்காத உங்கள் மச்சினன்