சிறையறைப் பாட்டு அப்படியே இருக்கட்டும்

ராயப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

மகள் அன்புச்செல்விக்கு அப்பா பொன்னுரங்கம் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன். வீடியோவில் நாங்கள் வரவில்லை என்று கீழ்வீட்டு ஜவஹருக்குப் போன் செய்திருக்கிறாய். அவர் மாடியேறி வந்து, "இன்னா நைனா, பொண்ணு அங்க அழுவுது, நீ நெட்டு ஒயர புடுங்கிப் போட்டுட்டு ஜாலியா குந்திக்கினு கீற" என்று கேட்டார். ஒயரைப் பிடுங்கியது நான்தான். அது பழுதாகவில்லை, ஆள் அனுப்பாதே. என் பட்டன் போனில் நீ கூப்பிட்டபோதும் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் அம்மாவை முதியோர் விடுதியில் சேர்க்கும் பேச்சில்தான் வந்து நிற்கும். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலில் உன் கம்பெனி போட்ட ஆல்பம். வீடியோ விளையாட்டுக்கு நீ செய்த இசையையும் அதில் வரும் ராக் குழுக்களின் பாட்டுகளையும் கலந்து ஒரே தட்டாக வெளியிட்டிருக்கிறார்கள். முழுவதும் கேட்டேன். அட்டையில் அந்தக் குழுக்களின் பெயர்கள் என் கட்டைவிரல் தடிமனுக்கு இருக்கின்றன. உன் பெயர் அடியில் 'அன்பு பி.' என்று இருக்கிறது. கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது. அன்புச்செல்வி என்று முழுதாகப் போட அவர்களுக்கு இடம் இல்லையா? நீயும் சும்மா இருந்திருக்கிறாய். சிறையறைக்கு நீ செய்த இசை, விளையாட்டில் அடைபட்ட இளைஞன் உள்ளே இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆல்பத்தில் சாப்பிடுகிறவனை இலையிலிருந்து எழுப்பியது போல இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு, அதன் தலைமேல் டிரம்மைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

எனக்கு ராக் புரியாது என்று சொல்லாதே. யாரும் சொல்லிக் கொடுக்காமல் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டே ஆங்கிலம் கற்றவன் நான். அந்தப் பாட்டு வரிகளையும் உட்கார்ந்து புரிந்துகொண்டேன். எல்லாரும் எதையோ உடைக்கச் சொல்கிறார்கள். எதை என்று ஒருவரும் சொல்லவில்லை.

இனி அம்மா. நைட்டியோடு இறங்கிப் போய் மணிக்கூண்டுப் பக்கம் வண்டிகளுக்கு நடுவே நின்றாளே, அன்றிலிருந்து கதவைப் பூட்டியே வைத்திருக்கிறேன். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டாக மாற்றிவிட்டேன். சாவி என் சட்டைப் பையில். காலையில் எழுந்ததும் கதவருகே போய் நின்றுகொள்வாள். "தொற. வூட்டுக்குப் போவணும். எங்கம்மா தேடும்" என்பாள். இதுதான் வீடு என்று சொன்னால், அரிசி இல்லை என்று சொல்லும் ரேஷன் கடைக்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பாள்.

நீ அனுப்பிய விளையாட்டுப் பெட்டியை ஒருநாள் நானே திருகிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்திலேயே அந்த இளைஞனைக் கோட்டைக்கு அடியில் அடைத்துவிடுகிறார்கள். கட்டிலுக்குக் கீழே துருப்பிடித்த ஆணி ஒன்று கிடக்கிறது. அதை எடுத்தால் பூட்டு திறந்துவிடும். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன், எடுக்கவில்லை. எடுத்தால் உன் இசை நின்று ராக் வந்துவிடும். அன்று அந்த இசை கேட்டதும் அம்மா கதவை விட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். திரையில் இருப்பவனைப் பார்த்து, "அழுவாத நைனா. அந்த ஆளு கைலதான் சாவி கீது. நல்ல மூடுல இருக்கசொல்ல கேப்போம்" என்று ஆறுதல் சொன்னாள். அந்த ஆள் நான்.

அதிலிருந்து தினமும் அந்த அறையில்தான் எங்கள் பொழுது போகிறது. சோற்றை அவனுக்கு ஒரு வாய் காட்டிவிட்டுத் தானும் ஒரு வாய் சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். நீ அந்த இசையை மட்டும் நீளமாக்கிப் பென்டிரைவில் அனுப்பினாய். போட்டேன். "அந்தப் புள்ள எங்க? இட்டுக்கினு பூட்டாங்களா?" என்று நம் கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினாள். ஆகவே அறையும் வேண்டும், அவனும் வேண்டும், இசையும் வேண்டும்.

போன முறை பேசியபோது என்ன சொன்னாய்? விளையாடுகிறவர்களுக்கு அந்த அறை சலிப்பாக இருக்கிறதாம். மாற்றப் போகிறார்களாம். எடுத்த எடுப்பில் ராக் குழு வருமாம், கதவு தானாகத் திறந்துகொள்ளுமாம். "ஒண்ணும் பண்ண முடியாதுப்பா, முடிவு பண்ணிட்டாங்க" என்று லேசாகச் சிரித்தாய். நெட் இருந்தால் பெட்டி தானே அந்த மாற்றத்தை இறக்கிக்கொள்ளும் என்பதும் நீ சொன்னதுதான். மறுநாள் ஒயரைப் பிடுங்கினேன். உன் இசையை வைத்துக்கொள்ள உன் முகத்தை விட வேண்டியதாயிற்று. அம்மா அந்த முகத்தைத் தேடவில்லை. என்னைப் பற்றி இங்கே பேச்சில்லை.

வியாழக்கிழமை ஒன்று நடந்தது. மதியம் நான் ரசத்தைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போனேன். அவள் விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடியை எடுத்து எல்லாப் பட்டனையும் அமுக்கியிருக்கிறாள். ஆணி அவன் கைக்கு வந்து, கதவு திறந்து, டிரம் இடித்தது. பயந்து கத்தப் போகிறாள் என்று ஓடி வந்தேன். அவள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். "பூட்டான்டா! ஓடு நைனா, திரும்பிப் பாக்காத!" என்று வாய் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து நெடுங்காலமாகிறது. அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்பதில் மாற்றமில்லை.

பிறகு தலையை அள்ளி முடிந்தாள். கட்டைப்பையை எடுத்துக்கொண்டு போய் நம் வாசல் கதவருகே நின்றாள். அழவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. வரிசையில் முன்னால் இருந்தவன் போய்விட்டான், இனித் தன் முறை என்பது போல நின்றாள். என்னைப் பார்த்து, "சார், அடுத்தது நான்தான?" என்று கேட்டாள்.

கட்டிய புருஷனை சார் என்கிறாள், செல்வி.

கதவைத் திறந்தேன். அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. நான் அடிப்பேனோ என்பது போல என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நிற்கும்வரை அவளுக்கு அது திறந்த கதவு இல்லை. மறுபடி பூட்டினேன். விளையாட்டை ஆரம்பத்திலிருந்து போட்டு, தப்பித்துப் போனவனைத் திரும்ப உள்ளே அடைத்தேன். உன் இசை வந்தது. அவள் பையை வைத்துவிட்டு மெதுவாக வந்து உட்கார்ந்து, திரையைத் தடவி, "இன்னாடா, மறுபடி மாட்டிக்கினியா?" என்றாள். நான் செய்தது சரிதான். வேறு என்ன செய்யலாம் என்று தெரிந்தால் எழுது.

விடுதி விஷயத்தில் என் பதில் அதேதான். அங்கேயும் கதவு பூட்டித்தான் இருக்கும். சாவி வைத்திருப்பவனுக்கு அவள் பெயர் தேவானை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். இதற்குமேல் அதைப் பேசாதே.

உன் ஆபீஸில் சொல். புது ஆட்களுக்கு எதை வேண்டுமானாலும் வைக்கட்டும். பழைய அறை வேண்டுமென்பவர்களுக்கு அதையும் விட்டுவைக்கட்டும். ராயப்பேட்டையில் இரண்டு பேர் தினமும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல். பெயரை முழுதாகப் போடச் சொல்லிக் கேள். கேட்க வெட்கமாக இருந்தால் முகவரி கொடு, நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன்.

உன்னை வா என்று நான் எழுத மாட்டேன். உனக்கு வேலை இருக்கிறது. உறையில் கனமாகத் தெரிவது நம் வீட்டுச் சாவி. மார்க்கெட் ஓரம் சாவி வெட்டுகிறவரிடம் புதிதாகச் செய்தேன். நானே இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், சரியாகத் திறக்கிறது. எப்போதாவது வந்தால் பெல் அடிக்காதே, என்னையும் கூப்பிடாதே. வெளியிலிருந்து நீயே திற. யார் நீ என்று கேட்பாள். பெயர் சொல்லிக்கொண்டு நிற்காதே, கையைக் கொடு. உன்னோடு வருவாள். வெயில் தாழ்ந்ததும் கடற்கரைவரை கூட்டிப்போ. அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம். நான் அந்தப் பையனோடு உள்ளே இருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன் அப்பா,
பொன்னுரங்கம்