சக்கரையை நிறுத்திய கடுதாசி

பரவை
14-11-1983

அன்புள்ள மகன் காசிமாயனுக்கு, அம்மா மாயக்காள் சொல்லச் சொல்ல உன் தம்பி விருமாண்டி எழுதுவது. பம்பாயில் நீ சுகமாய் இருக்க அந்தப் பேச்சியம்மன் துணை. இங்கே எல்லாரும் சுகம்னு எழுதுடா என்றால் யார் சுகம்னு கேட்டு இந்தப் பய பேனாவை மூடி வைக்கிறான். சரி, மாடு சுகம், இவன் சுகம். (ரெண்டு பேரையும் ஒரே வரியில் கட்டிப்போட்டாச்சு அண்ணே, தீவனம் மட்டும் தனித்தனி. -விரு)

உங்கய்யாவுக்குக் கழுத்துக் கட்டி ரெண்டு ஊசியில் பாதி வத்திருச்சு. மூணாவது ஊசிக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஸ்யாமளா டாக்டரம்மா எடை பார்த்துட்டு இந்த உடம்பு ஊசியைத் தாங்காது, நல்லாச் சாப்பிட வச்சு மூணு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் சாப்பிடாததுக்குக் காரணம் ஆவணியில் நீ போட்ட கடுதாசிதான் ராசா. புத்துக்கட்டி மத்த சதையைவிடப் பலமடங்கு சக்கரையைத் திங்குது, அதைச் செரிக்கிற என்சைம் அதுக்குள்ள எக்கச்சக்கமா இருக்கு, ரத்தத்தில் அது ஏற ஏற நோவும் முத்துது, அதைத்தான் எங்க ஆராய்ச்சிக்கூடத்தில எலியை வச்சுப் பாக்கிறோம்னு எழுதியிருந்தே. (என்சைம்னு அம்மாவுக்கு வாயில் வரலை, என்சாமி என்சாமிங்குது. பேச்சியம்மனுக்குப் பக்கத்துல இன்னொரு சாமி.) அதை இவன் வாசிச்சுக் காட்டின அன்னைக்கே உங்கய்யா காப்பியில் சக்கரையை நிறுத்தினார், அப்புறம் வாழைப்பழம், அப்புறம் சோறு. கோரைக் களைக்கு எவனாச்சும் தண்ணி பாய்ச்சுவானா, எம் மகன் கண்டுபிடிச்சிருக்கான்னு சந்தையில் எல்லார்கிட்டயும் பெருமை வேற. நானும் படிச்ச பிள்ளை சொல்லு தப்பாதுன்னு சக்கரை டப்பாவைத் தூக்கிப் பரண்ல போட்டேன். (அய்யாவுக்கு விரதம், பரண் ஏறின விருமாண்டிக்கு விருந்து.)

டாக்டரம்மா கேட்டுட்டுத் தலையில் கை வச்சுட்டாங்க. வாயில் போடாட்டி கட்டி பட்டினி கிடக்காதும்மா, உடம்பு தன் சதையைத் தானே கரைச்சுச் சக்கரை பண்ணி அதுக்கு ஊட்டும், உங்க மகன் எழுதினது பொய்யில்லை, ஆனா அது எலிக்கூண்டுப் பாடம், மனுசனுக்குச் சோறு வேணும்னாங்க. அவர் தொடைச் சதை எங்க போச்சுன்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், தண்ணியை நிறுத்தினா முதல்ல காயிறது கோரையா நெல்லான்னு. அம்புட்டு வருசம் வெள்ளாமை பாத்த மனுசன், வீடு வரைக்கும் சன்னல் வழியா வயக்காட்டையே பாத்துக்கிட்டு வந்தார். வீட்டில் சோறு போட்டேன், ரெண்டு வாய் தின்னுட்டு, காசிமாயன் எழுதட்டும், அப்புறம் திங்கிறேன்னு தட்டைத் தள்ளிட்டார். கெஞ்சிக் கெஞ்சி எனக்கு அலுத்துப்போச்சுய்யா. ஆக்கி இறக்கி அப்படியே மாட்டுக்கு ஊத்துறேன்.

பாத்துட்டு இந்தப் பய ஒரு கூத்துப் பண்ணினான். தபால் வந்திருக்குன்னு நீ எழுதின மாதிரியே ஒரு கடுதாசியைக் கொண்டாந்து வாசிச்சான். டாக்டர் சொல்றதுதான் சரி, அய்யா சாப்பிட்டீங்களா, பால்சோறு சாப்பிடுங்கன்னு ராகம் போட்டான். உங்கய்யா கடைசிவரைக்கும் கேட்டுட்டுச் சிரிச்சார், ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சார். இது உன் கடுதாசிடா, இத்தனை வருசத்தில் அவன் எந்தக் கடுதாசியில சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கான்னார். கோவமில்லை, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.

உன்னைக் குறை சொல்லலை ராசா. உனக்கு அங்கே ஆயிரம் சோலி. அடுத்த மாசம் ரெண்டாந்தேதி வெள்ளிக்கிழமை திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போகணும், அதுக்குள்ள கைக்குக் கிடைக்கிற மாதிரி அவர் பேருக்கு ஒண்ணு எழுது, எலி வேண்டாம், என்சாமி வேண்டாம். நேரத்துக்குத் தின்னு, எண்ணெய் தேச்சுக் குளி, தலைச்சன் பிள்ளை நீ நூறாயுசு நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா மாயக்காள் (கைநாட்டு)

அண்ணே, இது என் சொந்த வரி. உன் எழுத்து எனக்கு அச்சு அசலா வரும், பள்ளிக்கூடத்து லீவு லெட்டரெல்லாம் உன் கையெழுத்தில்தான் ஓடுது. அந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதினா செல்ல மாட்டேங்குது. நீயே எழுது.